அடங்கிய ஓசையில் நிறைந்த நாதம்

இசைக்கருவிகளை ஆராயப் புகுவார் முதற்கண் தெளியவேண்டுவது, ஓசையின் பெருமை வேறு, நாதத்தின் நிறைவு வேறு என்பதாம். தவிலின் முழக்கம் தெருக்கடந்தும் செவிப்படும். தம்புராவின் ஒலியோ பக்கத்தே அமர்ந்திருப்பார்க்கன்றிப் பிறர்க்கு நன்கு கேளாது. ஆயினும் தம்புராவின் நாதம் நிறைவிற் குறைந்தது என்று இசையறிந்தார் எவரும் கூறார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதால் விளையும் இடர்களுள் ஒன்று, மின் கிதார் பயிலும் மாணவர்க்கு நாள்தோறும் நேர்வதாகும். அதனையும் அதனை நீக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மின் கிதார் இக்காலத்தில் நம் நாட்டிற் புதியதன்று. தேவாலயப் பாடகர் குழுவிலும், மெல்லிசை மேடையிலும், கல்லூரி விழாக்களிலும் அஃது இடம்பெற்றுவிட்டது. அக்கருவியை வால்வுப் பெருக்கியோடு இணைத்து, பெருக்கியின் ஒலித் திருகை மிகத் திருப்புங்கால், தந்தியின் ஒலி தன் தெளிந்த இயல்பு மாறித் தடித்துக் கரகரத்து, நாகசுரத்தின் சீவாளியினின்று எழும் ஓசைபோல நீண்டு நிற்கும். இந்நிலையை மேடைக்காரர் ஓவர்டிரைவ் என வழங்குவர். மாணவர் பெரிதும் விரும்புவது இவ்வொலியே. ஆயின் அது திருகு மிகத் திரும்பிய பின்னரே தோன்றுவதாதலின், நாதத்தை விரும்பினவர் உடன்வரும் பேரோசையையும் ஏற்கவேண்டியவராகின்றனர். அவர் மட்டுமன்று, அண்டை வீட்டாரும் ஏற்கவேண்டியவராகின்றனர்.

செஞ்சியிற் பயில்வார்க்கு நேரும் இடையூறு

செஞ்சி போன்ற ஊரில் இவ்விடையூறு மிகுதியாகப் புலப்படும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்தது செஞ்சிக் கோட்டை. 2025-இல் மராட்டியப் படையரண் நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டிற்குரியது இஃதொன்றே. குன்றுகள் யாவும் கருங்கல் உருண்டைகளை அடுக்கிவைத்தாற்போல நிற்பன. மரமும் மண்ணும் ஓசையை ஓரளவு உட்கொள்ளும். வெறும் பாறையோ ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பும். ஓசை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதாதலின், 170 மீட்டர் அப்பாலுள்ள பாறையினின்று அது ஒரு விநாடியில் மீண்டு வரும். கூவினவன் குரல் அவனுக்கே மறுமொழியாக வருதலைக் கோட்டை காணச்செல்லும் சிறுவரும் அறிவர்.

ஊருக்குள்ளே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கோடையில் ஜன்னலை அடைத்துவைத்தல் இயலாது. ஓட்டுக் கூரையுள்ள வீடாயின், சுவர் எத்துணைத் தடித்ததாயினும் ஓட்டின் இடைவெளியே ஓசைக்கு வாயிலாகிவிடும். அடுத்த வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். நோயுற்ற முதியவரோ, பிறந்து சில நாளே ஆன குழவியோ இருக்கலாம். அவர்தம் உரிமையைச் சட்டமும் காத்து நிற்கின்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குரிய அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். தனியார் இடத்தில் இயங்கும் ஒலிக்கருவியின் ஓசை, அவ்விடத்தின் எல்லையில் இவ்வளவினை 5 டெசிபெலுக்கு மேல் மிஞ்சலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவெனக் கொள்ளப்படும். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் அளவும் அமைதிப் பகுதியாக வகுக்கப்படும். ஆண்டுக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது.

அண்டை வீட்டாரினும் முதலில் கேடுறுவது வாசிப்பவனுடைய செவியே. 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் தொழிற் சுகாதார அறிஞர் வரையறுத்துள்ளனர். அக்கணக்கின்படி 100 டெசிபெல் ஓசையைக் கால் மணி நேரமே கேட்கலாகும். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழியின் மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இசை பயிலப் புகுந்து இசை கேட்கும் புலனையே இழத்தல் எத்துணைப் பேரிழப்பு என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வால்வின் இயல்பு

வால்வு என்பது காற்றகற்றிய கண்ணாடிக் குமிழ். அதனுள் சூடேற்றப்பெற்ற எதிர்முனையினின்று எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, உயர்ந்த நேர்மின்னழுத்தமுடைய தகட்டை நோக்கிச் செல்லும். 1904-இல் ஜான் பிளெமிங் என்பார் இவ்விரண்டு உறுப்புகளோடு கூடிய வால்வினை ஆக்கினார். 1906-இல் லீ டி பாரஸ்ட் என்பார் இரண்டிற்கும் இடையே மூன்றாவதோர் உறுப்பினைச் சேர்த்தார்; அதுவே பின்னர்க் கம்பிவலையாக வளர்ந்தது. வாய்க்காலின் மடையைச் சிறுவன் ஒருவன் சிறிதே உயர்த்தித் தாழ்த்தினும் பெருநீர் ஓட்டம் அதற்கேற்ப மிகவும் குறையவும் செய்வதுபோல, அவ்வலையில் நேரும் சிறு மின்னழுத்த மாறுதல் தகட்டிற் செல்லும் பெரு மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். சிறு குறிப்புப் பெருங் குறிப்பாதல் இவ்வாறே.

தமிழகத்தில் வானொலி பரவியது வால்வின் துணையாலேயாம். 1924-இல் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் அமைந்தன. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின், வால்வு வீட்டு ரேடியோவை விட்டுச் சிறிது சிறிதாக நீங்கிற்று. கிதார்ப் பெருக்கியை விட்டு மட்டும் அது நீங்கவில்லை. அதற்குக் காரணம், வால்வு தன் எல்லையை எட்டுங்கால் நடந்துகொள்ளும் முறையாகும்.

எந்தப் பெருக்கிக்கும் மேலெல்லை ஒன்றும் கீழெல்லை ஒன்றும் உண்டு. கம்பிவலை மிகவும் எதிர்மின்னழுத்தம் அடையின் ஓட்டம் அறவே நின்றுவிடும். மறுபுறம், தகட்டின் மின்னழுத்தம் ஓரளவிற்குக் கீழே இறங்க இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே அலை அசையும் வரையில் ஒலி தெளிவாக இருக்கும். அலை வளர்ந்து எல்லையைத் தொடின், அதன் முடி நறுக்குண்டு தட்டையாகும். கோட்டை வாயிலுள் யானைமேல் வருவான் தலை மேற்கல்லில் இடிபடுதல்போலும் இது. பல டிரான்சிஸ்டர்ப் பெருக்கிகளில் இந்நறுக்கு வாளால் வெட்டினாற்போலச் சடுதியில் நிகழும். வால்வுப் பெருக்கியிலோ அலையின் முடி முதலிற் சிறிது மழுங்கி, பின்னர்ப் படிப்படியாகத் தட்டையாகும். கையின் அழுத்தத்திற்கேற்பத் தெளிவும் கரகரப்பும் மாறிமாறி வருதல் இதனாலேயே.

அலையின் வடிவு மாறின் ஒலியின் உள்ளடக்கமும் மாறும். மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள், அஃதாவது மூலச் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு 2, 3, 4, 5 மடங்கான சுரங்கள், புதியனவாகத் தோன்றும். ஸட்ஜத்தை மூலமாகக் கொண்டால் 2 மடங்கு மேல்ஸ்தாயி ஸட்ஜம். 3 மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். 5 மடங்கு இரண்டு ஸ்தாயிக்கு மேலுள்ள அந்தர காந்தாரம். மேல்முடியும் கீழ்முடியும் ஒருபடித்தாக நறுக்குண்டால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மிகும். ஒருபுறம் மட்டும் மிகுதியாக நறுக்குண்டால் இரட்டைப்படையும் கலக்கும். இஃதேயன்றி வேறொரு பயனும் உண்டு. மீட்டிய தந்தியின் அதிர்வு விரைவிற் குறையும். ஆயின் குறைந்த அலையும் இன்னும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் வெளிவரும் ஒலி பெரிதும் குறையாது. ஆதலின் மீட்டுக்கருவியாகிய கிதார், வில்லால் இழைக்கும் பிடில்போல நீண்டொலிக்கும். கமகம் விழையும் நம் நாட்டு வாசிப்பிற்கு இது பெருந்துணை.

பலசுரங்களைச் சேர்த்து மீட்டுங்கால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஸட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்னும் அளவின. எல்லை தொட்ட பெருக்கியில் அவற்றின் வேறுபாடாகிய 1, கீழ்ஸ்தாயி ஸட்ஜமாகவும், கூட்டலாகிய 5, மேற்காந்தாரமாகவும் தோன்றி இயைந்து நிற்கும். கிதாரின் மெட்டுகளிற் பிறக்கும் காந்தாரமோ இயற்கைக் காந்தாரத்தினும் சற்று உயர்ந்தது. அதனைச் சேர்த்து மீட்டினால் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். ஓவர்டிரைவில் வாசிப்போர் ஸட்ஜ பஞ்சம இணையையே பெரிதும் கையாளுதற்குக் காரணம் இதுவாம்.

தம்புரா காட்டும் உண்மை

மேற்சுரம் மிகுதற்குப் பேரோசை வேண்டுவதில்லை என்பதற்குத் தம்புராவே சான்று. தந்தியை அதன் கணுவொன்றில் மீட்டினால், அக்கணுவிற்குரிய மேற்சுரம் எழாது என்பது தாமஸ் யங் கண்ட விதி. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சர் சி. வி. இராமன், கல்கத்தாவில் இருந்தபோது தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து, இக்கருவிகளில் அவ்விதி செல்லாது என்பதை 1921-இல் வெளியிட்டார். எழலாகாத மேற்சுரம் இவற்றில் வலுவாக எழுகின்றது. காரணம், வளைந்த குதிரையின் முகத்தில் தந்தி தொட்டும் விட்டும் அதிர்தலே. தம்புராவில் ஜீவாளி நூலை நகர்த்தி அத்தொடுகையைச் செவ்வை செய்வர். நூல் இடமறிந்து நின்றவுடன் சுயம்பு காந்தாரம் தானே கேட்கும்.

இதனை நம் பொருளோடு ஒப்பிடுவோம். தம்புராவின் தந்தி குதிரையைத் தொடுகின்றது; பெருக்கியின் அலை வால்வின் எல்லையைத் தொடுகின்றது. இரண்டிலும் எல்லையைத் தொடுதலே மேற்சுரத்தைப் பிறப்பிக்கின்றது. தம்புராவின் தந்தியைப் பலமாக இழுத்துக் குதிரையிற் படச்செய்வார் இலர். மெல்ல மீட்டிய தந்தியும் படுமாறு நூலையே இடம்பார்த்து வைக்கின்றனர். கிதார்ப் பெருக்கியிலும் செய்யவேண்டுவது அதுவே. அலையை எல்லைவரை வளர்க்காமல், எல்லையை அலையிருக்கும் இடத்திற்குத் தாழ்த்துக. அல்லது எல்லை தொட்ட அலையை ஸ்பீக்கரை அடையுமுன் சிறிதாக்குக. இனிக் கூறப்படும் வழிகள் யாவும் இவ்விரண்டனுள் அடங்கும்.

பேரோசைக்குப் பழகிய வரலாறு

முற்காலப் பெருக்கி செய்வோர் இக்கரகரப்பைக் குற்றமென்றே கருதி விலக்க முயன்றனர். 1951-இல் மெம்பிஸ் நகரிற் பதிவான ராக்கெட் 88 என்னும் பாட்டில், வில்லி கைசார்ட் பழுதுற்ற பெருக்கியோடு கிதார் வாசித்தார், அப்பழுதே அழகாயிற்று. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சிறு பெருக்கியொன்றின் ஸ்பீக்கர்த் தாளைக் கிழித்து, அதன் ஒலியைப் பெரிய பெருக்கிக்கு ஊட்டினார். 1966-இல் எரிக் கிளாப்டன் மார்ஷல் பெருக்கியை ஒலிப்பதிவுக்கூடத்தில் மேடையளவு உரக்க வைத்து, ஜான் மேயாலின் குழுவோடு வாசித்துப் பதிவு செய்தார். இவற்றைக் கேட்டு வளர்ந்தோர், நாதம் வேண்டின் பெரிய பெருக்கியும் பேரோசையும் வேண்டும் என்ற முடிவிற்கு வந்தனர். ஆயின் டேவிஸ் கையாண்டது சிறு பெருக்கி என்பதை அவர்கள் மறந்தனர்.

சிறிது கணக்கு

வழிகளைக் கூறுமுன் கணக்கொன்றை மனத்திற் கொள்ளல் நலம். கிதார் ஸ்பீக்கர்கள் பல, 1 வாட் மின்சக்தி பெற்றால் 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 97 டெசிபெல் ஒலிக்கும். சக்தி 10 மடங்காயின் 10 டெசிபெல் கூடும். செவிக்கு அஃது ஏறக்குறைய இரட்டித்த ஓசையாகவே தோன்றும். ஆகவே 50 வாட் பெருக்கி 114 டெசிபெல் தரும். அதனை விடுத்து 5 வாட் பெருக்கி வாங்கினவர் ஓசை பத்திலொன்றாகும் என்று எண்ணுவர். செவிக்கு அது பாதியாகவே தோன்றும். 5 வாட்டும் 104 டெசிபெல். முன் கூறிய அளவின்படி அதனைச் சில நிமிடங்களே கேட்கலாகும். ஓசையை 84 டெசிபெலுக்குக் கொணர 50 வாட்டில் ஆயிரத்திலொரு பங்காகிய 0.05 வாட் போதும். சிறிய பெருக்கி ஒன்றே முழு மருந்தாகாது என்பது இதனால் விளங்கும்.

வழிகள்

முதலாவது, சிறிய பெருக்கி. 6வி6 அல்லது இஎல் 84 வால்வு ஒன்றே உடைய பெருக்கி ஏறத்தாழ 5 வாட் தரும். இஎல் 34 வால்வுகள் நான்கு உடையது 100 வாட் தரும். ஒற்றை வால்வுடையது விரைவில் எல்லை தொடும். அதன் நறுக்கு ஒருபுறச் சாய்வுடையதாதலின் இரட்டைப்படை மேற்சுரங்களும் கலந்து வரும். 1 வாட்டிற்கும் குறைந்த பெருக்கிகளும் இக்காலத்தில் உள. வீட்டிற் பயில்வார்க்குத் தொடக்கம் இதுவேயாயினும், பின்வரும் வழிகளுள் ஒன்றையும் இதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, மாஸ்டர் வால்யூம். பெருக்கியின் முற்பகுதியில் சிறு வால்வுகள் வரிசையாக நிற்கும். ஈசிசி 83 என்னும் வால்வு அவற்றுட் பெயர் பெற்றது. முதல் திருகை உயர்த்தினால் இச்சிறு வால்வுகள் எல்லை தொடும். பின்னுள்ள மாஸ்டர் திருகைத் தாழ்த்தினால் இறுதிப் பெருவால்வுக்குச் செல்லும் அலை சிறிதாகும். 1970-களின் தொடக்கத்தில் ராண்டல் ஸ்மித் என்பார் தம் பூகி பெருக்கிகளில் முற்பகுதி வால்வுகளை அடுக்கடுக்காக அமைத்து இம்முறையைப் பரப்பினார். செலவின்றிக் கிடைக்கும் வழி இது. குறையும் ஒன்றுண்டு: இறுதி வால்வும், வெளியீட்டு டிரான்ஸ்பார்மரும், மின்வழங்கியின் தளர்ச்சியும் ஒலியிற் சேர்க்கும் மென்மை இதிற் கிடையாது. ஆதலின் ஒலி சில வேளைகளில் வண்டின் ரீங்காரம்போல மெலிந்து கேட்கும். முதல் திருகை முற்றும் உயர்த்தாமல் முக்காற்பங்கில் நிறுத்தின் அக்குறை ஓரளவு நீங்கும்.

மூன்றாவது, காலால் இயக்கும் பெடல். இது கிதாருக்கும் பெருக்கிக்கும் இடையே நிற்கும் சிறு பெட்டி. 1970-களின் இறுதியில் வெளிவந்த டியூப் ஸ்கிரீமர் இவற்றுட் புகழ்பெற்றது. அதனுள் டயோடுகள் அலையின் முடியை மழுக்குகின்றன. இதனை இருவகையாகக் கையாளலாம்: பெடலின் கரகரப்பை மிகுத்து ஒலியளவைக் குறைத்தல் ஒன்று, கரகரப்பைக் குறைத்து ஒலியளவை மிகுத்து, பெருக்கியின் முதல் வால்வை எல்லைக்குத் தள்ளுதல் மற்றொன்று. மாஸ்டர் திருகுடைய பெருக்கியாயின் இரண்டாம் வகையே வால்வின் சுவையை மிகுதியாகத் தரும்.

நான்காவது, அட்டென்யூவேட்டர். இது பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே வைக்கப்பெறும் பெட்டி. பெருக்கி தன் முழுச் சக்தியையும் வெளியிடும். பெட்டி அதிற் பெரும்பகுதியை உண்டு வெப்பமாக்கி, சிறுபகுதியை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1980-களின் தொடக்கத்தில் பவர் சோக் என்ற பெயரில் இத்தகையதொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். இறுதி வால்வும் டிரான்ஸ்பார்மரும் உழைக்கும் ஒலி முழுவதும் இதிற் கிடைத்தல் இதன் சிறப்பு. பெட்டி தாங்கும் வாட் அளவு பெருக்கியின் அளவிற்குக் குறையலாகாது. 4, 8, 16 ஓம் என்னும் மின்தடை அளவும் பெருக்கியின் வாயிலோடு பொருந்தவேண்டும். பெருக்கி முழு உழைப்பில் இருப்பதால் வால்வுகள் விரைவிற் தேயும். பெட்டியும் சூடேறுமாதலின் துணிமூடி வைத்தல் கூடாது.

ஐந்தாவது, இறுதி வால்வின் மின்னழுத்தத்தைக் குறைத்தல். தகட்டின் மின்னழுத்தம் தாழ்ந்தால் அலை அசைதற்குரிய இடம் சுருங்கும். சிறு அலையும் எல்லை தொடும். வாயிலின் மேற்கல்லைத் தாழ்த்தினால் குதிரைமேல் வருவானும் குனியவேண்டுமன்றோ? தம்புராவில் நூலை நகர்த்துதற்கு மிக அணுகிய வழி இது. எடி வான் ஹாலன் தம் மார்ஷல் பெருக்கிக்கு மாறுமின்னழுத்தக் கருவி ஒன்றின் வழியாகக் குறைந்த மின்னழுத்தம் ஊட்டினார் என்பது கிதார் உலகம் அறிந்த செய்தி. ஆயினும் சுவரின் மின்னழுத்தத்தையே குறைத்தால் வால்வின் எதிர்முனைச் சூடும் குறைந்து கேடு விளையலாம். அதற்கென உள்ளேயே சுற்றமைத்து, 50, 5, 0.5 வாட் என மாற்றத்தக்கவாறு செய்யப்பெற்ற பெருக்கிகள் கிடைக்கின்றன. மாணவர் அவற்றையே நாடுக.

ஆறாவது, ஸ்பீக்கர். 97 டெசிபெல் திறனுடையதற்கு மாற்றாக 90 டெசிபெல் திறனுடையதை வைப்பின், வேறொன்றும் செய்யாமலே 7 டெசிபெல் குறையும். பெட்டியைத் தரையினின்று உயர்த்திக் கனத்த துணிமேல் வைப்பின் தரைவழியே அண்டை வீடு செல்லும் தாழ்ந்த அதிர்வும் மட்டுப்படும்.

ஏழாவது, ஸ்பீக்கரே இன்றிக் கேட்டல். பெருக்கியின் வெளியீட்டை அதற்கேற்ற சுமைப்பெட்டிக்கு ஊட்டி, அதினின்று சிறு குறிப்பை எடுத்து, ஸ்பீக்கரின் இயல்பைக் கணினி வழியாகச் சேர்த்துச் செவிப்பொறியிற் கேட்கலாம். இரவில் பயில்வார்க்கு இதனினும் ஏற்றது இல்லை. செவிப்பொறியும் பேரோசை தரவல்லது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

செவியின் இயல்பு

இவ்வழிகளுள் எதனைக் கைக்கொண்டாலும், ஒலி முன்போல நிறைவாக இல்லையே என்னும் ஐயம் மாணவர்க்கு எழும். அதன் காரணம் பெரும்பாலும் பெருக்கியில் இல்லை. 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர், ஓசை குறையுங்கால் செவிக்குத் தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் நடுச்சுரங்களினும் மிகுதியாகக் குறைந்து தோன்றும் என்று அளந்து காட்டினர். ஆகவே ஓசையைத் தாழ்த்தியபின், முன்பு வைத்த திருகுகளை அவ்வாறே விடாது, தாழ்சுரத்தையும் உயர்சுரத்தையும் சிறிது கூட்டியமைக்க. மேடைக்குச் செல்லும்போது அவற்றை மீளக் குறைக்கவும் வேண்டும்.

அடங்கிய ஓசையில் முற்றும் பெறவொண்ணாதன இரண்டு உள என்பதையும் கூறுதல் கடமை. ஒன்று, ஸ்பீக்கரின் தாள் தானே தன் எல்லைவரை அசைந்து சேர்க்கும் தடிப்பு. மற்றொன்று, ஸ்பீக்கரின் ஓசை காற்றின் வழியே மீண்டு தந்தியை அசைத்துச் சுரத்தை ஓயாது நிறுத்தும் மீளொலி. பின்னதற்கு ஓசையின் வலிமையே கருவியாதலின், அதனை மேடைக்கே விட்டுவைத்தல் தகும்.

எச்சரிக்கை

வால்வுப் பெருக்கியின் உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தம் இயங்கும். மின்தொடர்பை நீக்கிய பின்னரும் கண்டென்சர்களில் அது தங்கி நின்று உயிரைப் போக்கவல்லது. ஆதலின் பெட்டியைத் திறந்து மாற்றும் வேலை எதனையும் அத்தொழிலிற் பழகினவரிடமே விடுக. மண்ணிணைப்புள்ள மூன்றுமுனைச் செருகியையே கையாளுக. ஸ்பீக்கரோ சுமைப்பெட்டியோ இணைக்காமல் வால்வுப் பெருக்கியை இயக்கலாகாது; இயக்கின் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகக் கூடும். ஒலியை நிறுத்தவேண்டி ஸ்பீக்கர்க் கம்பியை உருவிவிடுதல் இக்காரணத்தாற் பெருந்தவறாகும்.

செய்துபார்க்கத் தக்க சோதனை

மாணவர் தாமே இதனைச் சோதித்தறிதல் நலம். மாஸ்டர் திருகுடைய பெருக்கி ஒன்றைக் கொள்க. முதற்கண் மாஸ்டரை முற்றும் தாழ்த்தி, முதல் திருகைப் பாதியில் நிறுத்துக. ஸட்ஜத்தை மீட்டியவாறே மாஸ்டரை மெல்ல உயர்த்தி, அருகிருப்பவரோடு குரல் உயர்த்தாது உரையாடத்தக்க அளவில் நிறுத்துக. பின்னர் முதல் திருகைச் சிறிது சிறிதாக ஏற்றி, மெல்ல மீட்டினால் தெளிவும் அழுந்த மீட்டினால் கரகரப்பும் வரும் இடத்தைத் தேர்க. ஓசை கூடின், கூடிய அளவு மாஸ்டரைத் தாழ்த்துக. இறுதியில் தாழ்சுரத் திருகையும் உயர்சுரத் திருகையும் செவிக்கேற்பக் கூட்டுக.

இத்துணையும் செய்தபின் நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, கைப்பேசியிலுள்ள ஒலியளவுச் செயலியோடு வீட்டின் வெளியே சென்று, அண்டை வீட்டு எல்லையில் நின்று கேட்க. செயலியின் எண் முற்றும் நுட்பமானதன்று. ஆயினும் கூடுதல் குறைவு காட்டப் போதியது. வாசிப்பவன் அறையில் இனிதாகத் தோன்றும் ஓசை சுவரின் மறுபுறம் எவ்வாறு சென்று சேர்கின்றது என்பதை, நடந்துசென்று கேட்டவரே அறிவர். அங்கே சுரம் பிரித்தறியத்தக்கவாறு கேட்குமாயின், ஜன்னலை அடைத்தோ, மாஸ்டரைத் தாழ்த்தியோ, செவிப்பொறிக்கு மாறியோ வாசிப்பைத் தொடர்க.

புதிதாகக் கருவி வாங்குவார்க்குக் கூறவேண்டுவது: மேடையிற் கண்ட பெரிய பெருக்கியை விரும்பித் தந்தையாரின் பொருளைச் செலவிடற்க. 5 வாட்டிற்கு உட்பட்டதும், மாஸ்டர் திருகுடையதும், சக்தியைக் குறைக்கும் விசையுடையதும், செவிப்பொறி வாயிலுடையதுமான பெருக்கி ஒன்று கல்லூரி நாள் முழுமைக்கும் போதும். மேடை வந்தால் அதன்முன் மைக் ஒன்றை வைத்து மண்டபம் முழுதும் கேட்பிக்கலாம். பெருக்கியின் வேலை நாதத்தை ஆக்குதல். அதனைத் தொலைவிற்குக் கொண்டுசெல்லுதல் மண்டபத்து ஒலியமைப்பின் வேலை. நம் மாணவர் இவ்விரண்டையும் பிரித்தறிந்து, தம் செவியையும் அயலார் உறக்கத்தையும் காத்து, நாள்தோறும் பயில்வாராக.